தலைவர் இல்லாத ஊராட்சியில் குடிநீர் மோட்டாருக்கு யாரிடம் போவது?

வணக்கம். எங்கள் ஊர் மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரில் காயில் எரிந்து பதினெட்டு நாளாகிறது. தெருக்குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அம்மா விடியற்காலை நாலரை மணிக்கே இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடத்தோடு வயல் பம்புசெட்டுக்கு நடக்கிறார். மும்முனை மின்சாரம் போவதற்குள் பிடித்தால்தான் உண்டு.

முன்பென்றால் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால் போதும், மறுநாளே மெக்கானிக் வந்துவிடுவார். 2019 டிசம்பரில் ஊராட்சித் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களில் எங்களுடையதும் ஒன்று. 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு, தலைவருக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலருக்குப் போனது. ஒன்றியத்தின் எல்லா ஊராட்சிகளையும் அவர் ஒருவரே பார்க்க வேண்டும். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் என்று அரசமைப்புச் சட்டமே சொல்கிறதே!

இரண்டு மனு கொடுத்தாயிற்று, ரசீதுதான் மிச்சம். அடுத்து திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் போகலாமா, கிராம சபையில் தீர்மானம் போடும்வரை காத்திருக்கலாமா? தனி அலுவலர் காலத்தில் இப்படி வேலை முடித்தவர்கள், மனுவில் என்ன எழுதினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள். அவசரம்.