புதுப்பிப்பு: மகனுக்குச் சின்னம்மை, ஏற்காடு பயணம்

பையனுக்கு அம்மை போட்டிருக்கிறது, ஏற்காட்டில் அறை எடுத்தாகிவிட்டது, போகலாமா என்று இங்கே கேட்டிருந்தேன். போகவில்லை. சேலத்தில் வீட்டிலேயே இருக்கிறோம்.

"சொந்தக் கார்தானே, யாருக்கு ஒட்டப் போகிறது" என்று சிலர் சொன்னீர்கள். இருபது கொண்டை ஊசி வளைவு வரைக்கும் சரி. மேலே போனதும் சாப்பாட்டுக் கூடம், படகு இல்லம், எல்லா இடத்திலும் கைக்குழந்தைகள். இது காற்றிலும் பரவும். கர்ப்பிணிகளுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்கும் ஆபத்தாகக்கூட முடியும்.

மூன்றாம் தண்ணீர் ஊற்றியதும் கிளம்பலாம் என்றார் அத்தை. டாக்டர் பார்ப்பது வேறு கணக்கு. எல்லாக் கொப்புளமும் காய்ந்து பொருக்குத் தட்டியிருக்க வேண்டும், புதிதாக ஒன்றும் வரக்கூடாது. அதுவரை ஒட்டும். வேப்பிலையும் இருக்கட்டும், இதையும் பாருங்கள் என்று அத்தையிடம் பொறுமையாகச் சொன்னோம், ஒத்துக்கொண்டார்.

எனக்குப் பெரிய பயம் அண்ணியைப் பற்றித்தான். ஐந்தாவது மாதம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே தொற்றும் என்பதால், முந்தின நாள் அவர் வந்து பையனைக் கொஞ்சியது உறுத்திக்கொண்டே இருந்தது. சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அவருக்கு நினைவில்லை. ரத்தப் பரிசோதனையில் எதிர்ப்பு சக்தி இருப்பது தெரிந்தது. அன்றுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

விடுதிக்காரர் தேதியை மாற்றித் தந்துவிட்டார். ஆனால் பெரியவளுக்கு இதுவரை வந்ததில்லை, தடுப்பூசியும் போட்டதில்லை. தொற்றியிருந்தால் வெளியே தெரிய 21 நாள் வரை ஆகலாம். அதைக் கழித்துத்தான் புதுத் தேதி வைத்திருக்கிறோம்.