நம்ம வீடு குழு: பெல்மோன்டே படங்கள்

நான்: [4 படங்கள்]
ரூம்மேட் காரில் போர்ச்சுகலில் உள்ள பெல்மோன்டே வந்திருக்கிறோம். மலை மேல் சின்ன ஊர், உச்சியில் கருங்கல் கோட்டை.

சித்தி: கோட்டைச் சின்னத்தில் என்னடி அது, ஆடா?

நான்: ஆடுதான் சித்தி, இரண்டு. காப்ரால் குடும்பச் சின்னம். போர்ச்சுகீசில் காப்ரா என்றால் வெள்ளாடு. 1466-இல் ராஜா இந்தக் கோட்டையை அவர்களுக்குக் கொடுத்தாராம்.

பெரியப்பா: 1500-இல் பிரேசிலில் இறங்கினானே, அந்தக் காப்ராலா?

நான்: அவரேதான் பெரியப்பா. பிறந்த ஊர் இது. சிலைகூட இருக்கிறது.

பெரியப்பா: சிலை வேறயா! அதே பயணத்தில்தான் கள்ளிக்கோட்டைக்கு வந்தான். அங்கே சண்டை மூண்டதும் ஊரைப் பீரங்கியால் அடித்துவிட்டுக் கொச்சிக்குப் போய்ச் சேர்ந்தான்.

தம்பி: 500 வருஷமாகியும் பெரியப்பாவுக்குக் கோபம் ஆறவில்லை 😂

அம்மா: ஸ்வெட்டர் போட்டிருக்கிறாயா?

நான்: போட்டிருக்கிறேன்மா.
எனக்குக் கோட்டையைவிட யூத அருங்காட்சியகம்தான் மனதில் நிற்கிறது. 1496-இல் மனுவேல் ராஜா யூதர்களை நாட்டை விட்டே போகச் சொன்னார். அடுத்த வருஷம் கட்டாய மதமாற்றம். இந்த ஊர் யூதர்கள் ஊருக்காகச் சர்ச்சுக்குப் போனார்கள், வீட்டுக்குள் பழைய வழிபாட்டை விடவில்லை. வெள்ளிக்கிழமை விளக்கை வெளியே வெளிச்சம் தெரியாதபடி ஒளித்து வைத்து ஏற்றுவார்களாம். ஜெபமெல்லாம் அம்மா சொல்லி மகள் மனப்பாடம் செய்ததுதான்.

அத்தை: எத்தனை காலம் அப்படி?

நான்: 400 வருஷம் அத்தை! 1917-இல் ஷ்வார்ஸ் என்ற போலந்து நாட்டுச் சுரங்க எஞ்சினியர் வந்து, நானும் யூதன்தான் என்றார். யாரும் நம்பவில்லை. அவர்களுடைய ஜெபம் எதுவும் அவருக்குத் தெரியாதே! எபிரேயத்தில் ஒன்று சொல்லிப் பார்த்தார். ஒருவருக்கும் புரியவில்லை. நடுவில் ஆண்டவரைக் குறிக்கும் ‘அதோனாய்’ என்ற சொல் வந்ததும் பெண்கள் கையால் கண்ணைப் பொத்திக்கொண்டார்கள். அந்த ஒரு சொல் மட்டும் அவர்களிடம் தங்கியிருந்தது. இவர் நம்மவர்தான் என்று ஒரு பாட்டி சொன்ன பிறகே பேசினார்களாம்.

அத்தை: ஐயோ, படிக்கவே சிலிர்க்கிறது.

பெரியப்பா: இப்போதும் ஒளித்துத்தான் கும்பிடுகிறார்களா?

நான்: இல்லை பெரியப்பா, 1996-இல் வெளிப்படையாகவே தொழுகைக்கூடம் திறந்துவிட்டார்கள்.

பெரியப்பா: நல்லது. ஆட்டுப் படம் போதும், அந்தக் கூடத்தை ஒரு படம் எடுத்து அனுப்பு.

நான்: போனில் சார்ஜ் 4% தான் 🙈

அம்மா: அப்போ பேச்சை விடு. விளக்கு வைப்பதற்குள் ரூமுக்குப் போய்ச் சேர்.