கையெழுத்துப் போடும் முன்னால் படித்திருக்க வேண்டிய புத்தகம்: உங்கள் அனுபவம்?

தொடங்கியவர்:

2018-ல் எங்கள் கம்பெனிக்கு முதல் முதலீடு வந்தது. 2 கோடி ரூபாய்க்கு 20 சதவீதப் பங்கு. டெர்ம் ஷீட்டில், அதாவது முதலீட்டு நிபந்தனைகள் எழுதிய காகிதத்தில், கம்பெனியின் மதிப்பீடு எவ்வளவு என்ற வரியை மட்டும் நானும் என் கூட்டாளியும் நாலு தடவை பார்த்தோம். மற்றதெல்லாம் வக்கீல் பாஷை என்று விட்டுவிட்டோம். காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டாயிற்று.

மூன்று வருடம் கழித்து ஒருவர் கம்பெனியை 10 கோடிக்குக் கேட்டு வந்தார். அந்தச் சமயத்தில்தான் பிராட் ஃபெல்டும் ஜேசன் மெண்டல்சனும் எழுதிய 'வென்ச்சர் டீல்ஸ்' கையில் கிடைத்தது. லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் (கம்பெனியை விற்றால் முதலீட்டாளர் முதலில் எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்ற நிபந்தனை) பகுதியைப் படித்ததும் பழைய டெர்ம் ஷீட்டைத் தேடி எடுத்தேன். '2எக்ஸ், பார்ட்டிசிபேட்டிங்' என்று இருந்தது.

ஒரு பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். முதலீட்டாளர் முதலில் இரட்டிப்பாக 4 கோடி எடுத்துக்கொள்வார். மீதி 6 கோடியிலும் 20 சதவீதம், அதாவது 1.2 கோடி வாங்குவார். ஆக அவருக்கு 5.2 கோடி, எங்களுக்கு 4.8 கோடி. 1எக்ஸ், நான்-பார்ட்டிசிபேட்டிங் (போட்ட பணம் அல்லது தன் பங்கு, இரண்டில் ஒன்று மட்டும்) என்று இருந்திருந்தால் அவருக்கு 2 கோடி, எங்களுக்கு 8 கோடி. 80 சதவீதம் கையில் வைத்திருந்தும் பாதிகூட வரவில்லை. அவர் ஏமாற்றவில்லை, காகிதத்தில் இருந்ததைத்தான் கேட்டார். அதுதான் இன்னும் வலிக்கிறது.

2011-ல் வந்த புத்தகம், வாங்கினால் கடைசிப் பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். அமெரிக்கச் சட்டத்தை வைத்து எழுதியது, நம் ஊர் சிசிபிஎஸ் (கட்டாயமாகச் சாதாரணப் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு) விவகாரத்துக்குத் தனியாக வக்கீல் வேண்டும். ஆனால் வக்கீலிடம் என்ன கேட்க வேண்டும் என்பதை எனக்கு அதுதான் கற்றுக்கொடுத்தது.

கோவை உறுப்பினர்:

எனக்கு ராப் ஃபிட்ஸ்பாட்ரிக்கின் 'தி மாம் டெஸ்ட்'. சின்னப் புத்தகம், இரண்டு ராத்திரியில் முடிந்துவிடும். ஹார்டுவேர் கடைகளுக்கு ஸ்டாக் பார்க்கும் ஆப் செய்துகொண்டிருந்தோம். "இப்படி ஒண்ணு வந்தா வாங்குவீங்களாங்ணா?" என்று 30 கடையில் கேட்டோம். "நல்லா இருக்கு தம்பி, பண்ணுங்க" என்றார்கள். ஆப் வந்த பிறகு காசு கொடுத்தது 2 கடை.

உன் யோசனையைப் பற்றிக் கருத்துக் கேட்காதே, அவர் இதுவரை என்ன செய்திருக்கிறார் என்று கேள் என்கிறது அந்தப் புத்தகம். சரி என்று காந்திபுரத்தில் ஒரு கடைக்குத் திரும்பப் போனேன். "போன வாரம் பெயிண்ட் தீர்ந்தது எப்படித் தெரிஞ்சுதுங்ணா?" அவர் கல்லாவுக்குக் கீழேயிருந்து ரப்பர் பேண்ட் போட்ட நீள நோட்டு ஒன்றை எடுத்துப் பிரித்தார். பெயிண்ட் கணக்கு ஒரு பக்கம்கூட இல்லை. மீதி முழுக்கக் கடன் பாக்கி. "ஸ்டாக்கு அலமாரியப் பாத்தாலே தெரியும் தம்பி. யாரு எவ்வளவு தரணும்ங்கறதுதான் தூக்கத்தக் கெடுக்குது" என்றார். இப்போது நாங்கள் செய்வது அந்தப் பாக்கிக் கணக்கைத்தான்.

முதலீட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர்:

டாம் நிக்கலஸின் 'விசி: ஆன் அமெரிக்கன் ஹிஸ்டரி', 2019-ல் வந்தது. விசி என்றால் வென்ச்சர் கேப்பிடல், புதுக் கம்பெனிகளில் பங்குக்குப் பணம் போடுவது. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் நியூ பெட்ஃபோர்ட் துறைமுகத்திலிருந்து போன திமிங்கில வேட்டைக் கப்பல்களிலிருந்து தொடங்குகிறார். பலரிடம் பணம் திரட்ட ஏஜெண்டுகள், மாலுமிகளுக்குச் சம்பளத்துக்குப் பதில் வருமானத்தில் பங்கு. நாகப்பட்டினத்தில் விசைப்படகு திரும்பியதும் டீசல், ஐஸ் செலவைக் கழித்துவிட்டு மாமா பங்கு பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன்.

அப்புறம் ஜார்ஜ் டோரியோ நடத்திய ஏஆர்டி என்ற ஆரம்பகால வென்ச்சர் முதலீட்டு நிறுவனத்தின் கதை. 1957-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற கம்ப்யூட்டர் கம்பெனியில் 70,000 டாலர் போட்டு 70 சதவீதம் வாங்கினார்கள். அந்த ஒன்று மற்ற முதலீடுகளையெல்லாம் தூக்கி நிறுத்தியது. அதற்குப் பிறகு யார் வந்தாலும் "எப்போது லாபம்?" என்று நான் முதலில் கேட்பதில்லை. "நினைத்தபடி நடந்தால் இது எவ்வளவு பெரிதாகும்?" என்றுதான் கேட்கிறேன். தொடங்கியவருக்கு ஒன்று: முதல் ரவுண்டிலேயே 2எக்ஸ் கேட்கிறவர் வட்டிக்கு விடுகிறவர் மனநிலையில் இருக்கிறார், எழுந்து வந்துவிடலாம்.

தொடங்கியவர்:

நன்றி சார். என்னிடம் 'வென்ச்சர் டீல்ஸ்' ஒரு பிரதி இருக்கிறது. சென்னையில் யாராவது டெர்ம் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன். லிக்விடேஷன் பிரிஃபரன்ஸ் பகுதி முழுக்கப் பென்சில் கோடாக இருக்கும்.