டபுள் எக்ஸ்போஷர் படம்: ஸ்கிரீனில் தெரியும் இரண்டாவது உருவம் பிரிண்டில் காணோம்

நிழலாட்டம்:
வணக்கம். 35 எம்.எம். கறுப்பு-வெள்ளை ஃபிலிமில், கேமராவுக்குள்ளேயே எடுத்த டபுள் எக்ஸ்போஷர் (ஒரே ஃபிரேமில் இரண்டு முறை எடுத்த படம்). முதலில் வெளிறிய வானத்துக்கு எதிரே ஒரு பக்கவாட்டு முகம், அதன் மேல் பெரணி இலைகள். 4000 பி.பி.ஐ. (இன்ச்சுக்கு 4000 பிக்சல்) ஸ்கேன், 5669 × 3780 பிக்சல், 16 பிட் டிஃப். மேட் காட்டன் பேப்பரில் போட்ட டெஸ்டில் தலைமுடிப் பக்கம் இலைகள் நன்றாக வருகின்றன. கழுத்துப் பக்கம் மொத்தமும் ஒரே கறுப்பு. ஸ்கிரீனில் அங்கே நரம்பு வரைக்கும் தெரிகிறது. 24 × 16 இன்ச், 25 பிரதி எடிஷன் (எண் போட்டு, அதற்கு மேல் அச்சிடாத தொகுப்பு) என்று யோசனை. பேப்பரை மாற்றணுமா, ஃபைலைத் திருத்தணுமா? பிறகு சின்ன அளவில் இன்னொரு எடிஷன் போடலாமா?

மேட்கறுப்பு:
முதலில் மானிட்டரைப் பாருங்க. பிரைட்னெஸ் 80-100 கேண்டெலாவுக்கு மேல் இருந்தால் நிழல் பகுதி பொய் சொல்லும்.

அடுத்தது பேப்பர். மேட் காட்டனின் அதிகபட்ச அடர்த்தி (எவ்வளவு கறுப்பாக வரும் என்பதன் அளவு) சுமார் 1.65. லேப் என்ற நிற அளவுமுறையில் அது எல் 17 கிட்ட (எல் என்பது வெளிச்ச அளவு; 0 முழுக் கறுப்பு, 100 வெள்ளை). அதைவிடக் கறுப்பு அந்தப் பேப்பரில் கிடையாது. பரைட்டா (பேரியம் சல்ஃபேட் பூசிய, லேசாகப் பளபளக்கும் பேப்பர்) 2.3 வரை போகும், அதாவது எல் 4 அல்லது 5. எடிட்டிங் மென்பொருளில் இன்ஃபோ பேனலை லேபுக்கு மாற்றி, கழுத்தில் இலை மேலும் இலைகளுக்கு நடுவிலும் கர்சரை வையுங்க. இரண்டும் 17-க்குக் கீழே இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. பிரிண்ட் செட்டிங்கில் ரிலேட்டிவ் கலரிமெட்ரிக் (நிறங்களைப் பேப்பருக்கு மாற்றும் ஒரு முறை) எடுத்து, பிளாக் பாயின்ட் காம்பென்சேஷன் (ஃபைலின் கறுப்பைப் பேப்பரின் கறுப்போடு பொருத்துவது) டிக் இல்லாமல் போட்டிருந்தால் 17-க்குக் கீழே உள்ளதெல்லாம் ஒரே கறுப்பாக வெட்டப்படும். டிக் இருந்தால் வெட்டாது, ஆனால் நெருக்கி அடுக்கும். இலைக்கும் இருட்டுக்கும் இருந்த கொஞ்ச வித்தியாசமும் மெலிந்துபோகும்.

மேட்டிலேயே இருக்கணும் என்றால் கழுத்துக்கு மட்டும் மாஸ்க் போட்டு (மற்ற இடம் மாறாதபடி மறைத்து), இலைகள் எல் 24-30 வரும்படி கர்வ்ஸில் (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) தூக்குங்க. முழுப் படத்தையும் தூக்காதீங்க. முகத்தின் வெளிக்கோடு சாம்பலாகிவிட்டால் இரண்டு படம் ஒன்றாகும் அந்த இடமே போய்விடும். மாஸ்க் விளிம்பு தாடைக்கோட்டுக்கு உள்ளேயே நிற்கட்டும். வெளியே கசிந்தால் வானத்தில் ஒளிவட்டம் மாதிரி தெரியும்.

டெஸ்டுக்கு முழுப் படம் வேண்டாம். தாடையும் கழுத்தும் வரும் ஒரு துண்டை 24 இன்ச் கணக்கிலேயே வெட்டி, நான்கு கர்வ்ஸில் நான்கு பட்டை. ஒரு நாள் காயவிட்டு 5000 கெல்வின் விளக்கில் பாருங்க. அப்புறம் சாதாரண அறை வெளிச்சத்திலும் பாருங்க. வாங்குகிறவர் அங்கேதான் மாட்டுவார், வெளிச்சம் குறையக் குறைய முதலில் மறைவது இந்தக் கழுத்துதான்.

ஓரவெள்ளை:
24 இன்ச்சுக்கு உங்கள் ஸ்கேன் 236 பி.பி.ஐ. தரும். ஃபிலிம் கிரெய்ன் (பொடிப்பொடியான மணித்தன்மை) உள்ள படத்துக்குப் போதும். எப்சன் என்றால் 360-க்கும், கேனன் என்றால் 300-க்கும் நீங்களே ரீசாம்பிள் பண்ணுங்க (பிக்சல் எண்ணிக்கையை மாற்றுவது), பிரிண்டர் டிரைவரிடம் விடாதீங்க. ஷார்ப்னிங்கை நிழலில் மாஸ்க் பண்ணுங்க. இல்லாவிட்டால் தூக்கிவிட்ட கழுத்தில் இலைக்குப் பதில் கிரெய்ன்தான் முன்னால் வரும்.

நாலு பக்கமும் 2 இன்ச் ஓரம் விட்டால் பேப்பர் 28 × 20. 24 இன்ச் ரோலில் அடங்கும். பிரிண்டுக்கு முன் மென்மையான பிரஷ்ஷால் பேப்பரைத் தட்டிவிடுங்க. காட்டன் பேப்பரில் ஒட்டியிருக்கும் தூசி மேல் மை விழுந்து, பிறகு அது உதிர்ந்தால் கறுப்பில் வெள்ளைப் புள்ளி. நிழல் அதிகமுள்ள படத்தில் இதை மறைக்க வழியே இல்லை.

எடிஷன் விஷயம்: எத்தனை அளவு, ஒவ்வொன்றிலும் எத்தனை பிரதி என்பதை முதல் பிரதி விற்கும் முன்பே எழுதிவிடணும். விற்றபின் சின்ன அளவு சேர்ப்பது, சட்டம் இடம் கொடுத்தாலும், வாங்கியவருக்குச் செய்யும் ஏமாற்று என்பதே என் கருத்து. ஐரோப்பிய ஒன்றிய வாட் (மதிப்புக் கூட்டு வரி) விதிகளில் புகைப்படம் கலைப்படைப்பாகக் கணக்காக, கையெழுத்தும் எண்ணும் வேண்டும், எல்லா அளவும் சேர்த்து 30 பிரதியைத் தாண்டக்கூடாது. 25 என்பது அதற்குள் அடங்கும். ஆர்ட்டிஸ்ட் புரூஃப் (எடிஷன் எண்ணில் சேராமல் கலைஞர் தனக்கு வைத்துக்கொள்ளும் பிரதி) பத்து சதவீதம், அதாவது 2 போதும்.

ஒப்புதல் கொடுத்த முதல் பிரிண்டைத் தனியாக வையுங்க, விற்காதீங்க. தேவைப்படும்போது ஒவ்வொன்றாகப் போடுவதாக இருந்தால் பேப்பர் பேட்ச் மாறும், புரொஃபைல் (அந்தப் பேப்பரில் நிறம் எப்படி வரும் என்று சொல்லும் ஃபைல்) மாறும். ஒப்பிட அது ஒன்றுதான் கையில் இருக்கும்.

இருட்டறை:
பிரிண்டோடு கொடுக்கும் சான்றிதழில் "கேமராவுக்குள் எடுத்த டபுள் எக்ஸ்போஷர்" என்று எழுதுங்க. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஜெர்ரி யூல்ஸ்மன் செய்தது பல என்லார்ஜர் (நெகட்டிவைப் பெரிதாக்கிப் பேப்பரில் விழவைக்கும் கருவி) வைத்து இருட்டறையில் சேர்த்தது. கம்ப்யூட்டரில் சேர்ப்பது வேறு. மூன்றும் சுவரில் ஒரே மாதிரி தெரியலாம், விவரம் காகிதத்தில் இருக்கட்டும்.

1/25 உசத்தி, 25/25 மட்டம் என்று கேட்பவர்கள் வருவார்கள். தேயும் தகடு இருந்த காலத்துக் கணக்கு அது. இங்க்ஜெட்டில் தேய என்ன இருக்கிறது?

நிழலாட்டம்:
அளந்தேன். இலை 13, நடுவில் 8. பரைட்டாவுக்கே போகிறேன். மேட்டுக்குப் போட்ட கர்வ்ஸ் அப்படியே ஆகுமா?

மேட்கறுப்பு:
ஆகாது. அந்த லேயரை அணைத்துவிட்டு, மூல ஃபைலோடு பரைட்டா புரொஃபைலில் சாஃப்ட் புரூஃப் (பிரிண்ட் எப்படி வரும் என்று ஸ்கிரீனிலேயே காட்டுவது) பாருங்க. 13-க்கும் 8-க்கும் அங்கே இடம் உண்டு, லேசாகத் தொட்டாலே போதும். பிரிண்டரில் மேட் பிளாக் மையிலிருந்து போட்டோ பிளாக் மைக்கு மாற்ற மறந்துவிடாதீங்க. பரைட்டா மேல் பென்சில் வழுக்கும், எண்ணும் கையெழுத்தும் பிக்மென்ட் மை பேனாவில். கண்ணாடி போடும் முன் குறைந்தது 24 மணி நேரம் காயட்டும், இல்லையென்றால் உள்பக்கம் மங்கல் படியும். கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவே அமிலமில்லாத மவுண்ட் போர்டு வையுங்க.