மறு: சம்மட்டியடிக் காசு (முத்திரைக்காசு வேண்டாமே)

> 1565 ஸ்காட்லாந்து வெள்ளிக்காசின் படக்குறிப்பில் "முத்திரைக்காசு" என்று போட்டிருக்கிறேன். சரிதானே?

ஐயா, வணக்கம்.

முத்திரைக்காசு என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சூரியன், யானை என்று ஒவ்வொரு சின்னமாகக் குத்திய பழங்காலத்து வெள்ளித் துண்டுகள்தான். உங்கள் காசு பிறந்த விதம் வேறு. கீழச்சு மரக்கட்டையில் இறுகப் பதிந்திருக்கும். அதன்மேல் வெள்ளி வில்லை, வில்லைமேல் கையில் பிடித்த மேலச்சு, அதன் தலையில் சம்மட்டி அடி. இரண்டு பக்கமும் ஒரே அடியில் விழும். அச்சு துளி நகர்ந்தாலும் எழுத்து இரட்டையாகிவிடும். வட்டமும் கோணலாகத்தான் வரும். ஓரத்தைக் கொஞ்சம் கத்தரித்து வெள்ளி திருடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

ஆங்கிலத்தில் இதை hammered coin என்பார்கள். அதை அப்படியே "சுத்தியல் காசு" என்றால் சுத்தியல் படம் போட்ட காசு என்று நினைப்பார்கள். "அடித்த காசு"? வேண்டாம், யாரிடம் அடித்தது என்று கேட்பார்கள்.

என் பரிந்துரை: சம்மட்டியடிக் காசு. இயந்திரத்தில் வந்தது பொறியடிக் காசு. ஸ்காட்லாந்தில் 1637 வாக்கில் பிரெஞ்சு அச்சுச் செதுக்குநர் நிக்கோலா பிரியோ காசடிக்கும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார், எனவே இரண்டு சொல்லும் வேண்டியிருக்கும்.

முத்திரையைத் தனியே வைக்கச் சொல்வதற்கு உங்கள் காசின் தம்பியே சாட்சி. ஸ்காட்லாந்தின் மேரி அரசியும் ஹென்றி டார்ன்லியும் 1565 ஜூலையில் மணந்தார்கள். முதலில் வந்த ரியால் என்ற பெரிய வெள்ளிக்காசில் இருவர் முகமும் எதிரெதிரே. பெயர் வரிசையில் ஹென்றி முன்னால், நாட்டை ஆளும் அரசி பின்னால்! சில மாதங்களிலேயே திரும்ப வாங்கிவிட்டார்கள், அதனால்தான் அது இவ்வளவு அரிது. அடுத்த ரியாலில் மேரி முன்னால் வந்தார். முகங்கள் போய், ஒரு மரத்தில் ஆமை ஏறுகிறது. மதிப்பு 30 ஸ்காட்டிஷ் ஷில்லிங். 1578-இல், மகன் ஆறாம் ஜேம்ஸ் காலத்தில், பழைய ரியால்களின் மதிப்பை உயர்த்தி, அதற்கு அடையாளமாக ஸ்காட்லாந்தின் சின்னமான முட்பூ (thistle) ஒன்றை, முடிசூடியதாக, சின்னதாகக் குத்தினார்கள். அதுதானே முத்திரை? காசு முழுவதையும் முத்திரைக்காசு என்றுவிட்டால், இந்த முட்பூவை என்னவென்று சொல்வது? இதற்கு "மேல்முத்திரை" வைக்கலாம்.

---

தம்பி,

மேல்முத்திரை பிரமாதம், எடுத்துக்கொண்டேன். ஆனால் சம்மட்டியடி ஏழு எழுத்து, படக்குறிப்பில் இடிக்கிறது. "சம்மட்டிக் காசு" போதாதா?

---

போதும்தான் ஐயா. ஆனால் அதற்கு ஜோடியாக "பொறிக் காசு" என்று எழுத வேண்டிவரும். எலிப்பொறியில் வைத்த காசு மாதிரி இருக்கிறது. படக்குறிப்பில் எழுத்தைச் சின்னதாக்கிக்கொள்ளுங்கள், "அடி" இருக்கட்டும்.