ஏ.டி.டி.க்கு (காசநோய் மருந்துகளுக்கு) அடங்காத எல்3-எல்4 (கீழ்முதுகு) டிஸ்க் தொற்று: பூஞ்சையா?

ஆர்த்தோ பிஜி (எலும்பியல் முதுநிலை மாணவர்), சென்னை:
நோயாளிக்கு வயது 62, எடை 60 கிலோ, சர்க்கரை நோய் உண்டு. ஐந்து மாதம் முன் வயிற்றில் ஆபரேஷன், ஐ.சி.யு.வில் சென்ட்ரல் லைன் (பெரிய ரத்தக்குழாயில் போடும் குழாய்), நீண்ட நாள் ஆன்டிபயாடிக். பிறகு இடுப்பு வலி. எம்.ஆர்.ஐ.யில் டிஸ்க், அதை ஒட்டிய எலும்புத் தகடுகளான இருபக்க எண்ட்பிளேட் இரண்டும் பாதிப்பு. டி2 வகைப் படத்தில் டிஸ்க் எதிர்பார்த்த அளவு வெளுக்கவில்லை. பயாப்ஸி முழுவதும் பார்மலினில் போய்விட்டது, ரிப்போர்ட் 'நாட்பட்ட அழற்சி'. இரண்டு மாதம் ஏ.டி.டி. கொடுத்தும் வலியோ சி.ஆர்.பி.யோ (ரத்தத்தில் அழற்சியின் அளவு) குறையவில்லை. கால் பலம் சரியாக இருக்கிறது. மறுபடி பயாப்ஸி எடுப்பதா, ஏ.டி.டி.யோடு பூஞ்சை மருந்தான வோரிகோனசோல் சேர்த்துப் பார்ப்பதா?

மைக்ரோபயாலஜி ஆள்:
முதலில் பழைய பாரபின் பிளாக்கை (மெழுகில் பதித்த பயாப்ஸி திசு) கேட்டு வாங்கி, பூஞ்சையைக் காட்டும் ஜி.எம்.எஸ்., பி.ஏ.எஸ். ஸ்டெயின் போடச் சொல்லுங்கள். வழக்கமான எச் அண்ட் ஈ ஸ்டெயினில் மெல்லிய ஹைஃபா (பூஞ்சை இழை) கண்ணில் படாமலே போகும். அதற்காக மறு பயாப்ஸியைத் தள்ளிப்போட வேண்டாம். சி.டி. உதவியோடு டிஸ்கிலிருந்தும் எண்ட்பிளேட்டிலிருந்தும் நாலைந்து துண்டு எடுங்கள். ஒரு பங்குதான் பார்மலினுக்கு. மீதியை ஸ்டெரைல் சலைனில் உடனே லேபுக்கு அனுப்புங்கள், காய விடக்கூடாது.

ரிக்விசிஷனில் வெறும் 'கல்ச்சர்' என்று எழுதினால் பாக்டீரியாவோடு முடித்துவிடுவார்கள். பூஞ்சைக்குக் கே.ஓ.எச்., பூஞ்சை கல்ச்சர், காசநோய்க்கு ஏ.எஃப்.பி., ஜீன்எக்ஸ்பர்ட் என்று தனித்தனியாக எழுதுங்கள். பூஞ்சை வளர்க்கும் சபுராடு தட்டை நான்கு வாரம் வைக்கச் சொல்லுங்கள். மியூகர் என்ற பூஞ்சை சந்தேகம் இருந்தால் திசுவை அரைக்காமல் நறுக்கச் சொல்லுங்கள். அரைத்தால் ஹைஃபா செத்துவிடும், கல்ச்சர் வளராது. தட்டில் மட்டும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை வந்து திசுவில் ஹைஃபா இல்லையென்றால் காற்றில் வந்த மாசாகவும் இருக்கலாம். டிஸ்க் துண்டில் வளர்ந்த கேண்டிடா பூஞ்சையை மட்டும் மாசு என்று ஒதுக்காதீர்கள். சென்ட்ரல் லைன் கதைக்கு அதுதான் பொருந்துகிறது.

தொற்றுநோய் மருத்துவர்:
ஏ.டி.டி.யோடு வோரிகோனசோலா? கூடவே கூடாது தம்பி. ஏ.டி.டி.யில் உள்ள ரிஃபாம்பிசின் வோரிகோனசோலின் ரத்த அளவை அடியோடு இறக்கிவிடும். நோயாளி மாத்திரை விழுங்குவார், பூஞ்சை பாட்டுக்கு வளரும், நாம் 'வோரிக்கும் கேட்கவில்லை' என்று எழுதுவோம். ரிஃபாம்பிசினை நிறுத்தினாலும் அந்த விளைவு அடங்க இரண்டு வாரம் போல ஆகும். அவசரமென்றால் அந்த இடைவெளிக்கு லைபோசோமல் ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை ஊசி மருந்து.

இனம் தெரிந்தபின் மருந்து. ஃப்ளூகோனசோல் கேட்கும் கேண்டிடா என்றால் தினம் 400 மி.கி., 6 முதல் 12 மாதம். அல்லது முதல் இரண்டு வாரமாவது எக்கைனோகேண்டின் (வேறொரு வகை பூஞ்சை மருந்து), பிறகு ஃப்ளூகோனசோல். ரத்தத்திலும் கேண்டிடா வந்தால் கண் பரிசோதனையை விடாதீர்கள். ஆஸ்பர்ஜில்லஸுக்கு ஃப்ளூகோனசோல் கேட்காது. அங்கே வோரி: முதல் நாள் கிலோவுக்கு 6 மி.கி. வீதம் இரண்டு வேளை, உங்கள் நோயாளிக்கு 360. அடுத்த நாளிலிருந்து 4 மி.கி. வீதம் இரண்டு வேளை, 240. ஐந்து நாள் கழித்து டிரஃப் (அடுத்த டோஸுக்குச் சற்று முன் ரத்தத்தில் உள்ள மருந்தளவு) பாருங்கள். மி.லி.க்கு 1 முதல் 5.5 மைக்ரோகிராமுக்குள் இருக்கட்டும். எட்டு வாரம் என்பது குறைந்தபட்சம். முதுகெலும்பில் பெரும்பாலும் ஆறு மாதத்தைத் தாண்டும். கால் பலம் குறைந்தாலோ, எலும்பு சரிந்தாலோ, எபிடூரல் சீழ் (தண்டுவட உறைக்கு வெளியே சேரும் சீழ்) தண்டுவடத்தையோ நரம்புகளையோ அழுத்தினாலோ ஆபரேஷன். மருந்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

கிளினிக்கல் பார்மசிஸ்ட்:
வோரி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ பின்போ கொடுங்கள், டிபனோடு வேண்டாம். அவர் சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு எடுப்பவரா? ஃப்ளூகோனசோல் சேர்ந்தால் சர்க்கரை திடீரென்று இறங்கும். கொலஸ்ட்ரால் மாத்திரையான சிம்வாஸ்டாடின் எடுத்தால் நிறுத்திவிடுங்கள். ஈ.சி.ஜி.யில் க்யூ.டி. இடைவெளியும், கல்லீரல் பரிசோதனையான எல்.எஃப்.டி.யும் தொடக்கத்திலேயே பாருங்கள். வோரியில் தோல் வெயிலுக்குக் கருகும். சென்னை வெயிலில் முழுக்கை சட்டை, தொப்பி கட்டாயம். ஆம்போடெரிசினை 5% டெக்ஸ்ட்ரோஸில்தான் கலக்க வேண்டும், சலைன் பட்டால் திரிந்துவிடும். லைனையும் டெக்ஸ்ட்ரோஸாலேயே ஃப்ளஷ் செய்யுங்கள். பொட்டாசியம், மக்னீசியம், கிரியாட்டினின் மூன்றையும் அடிக்கடி பாருங்கள்.

ஆர்த்தோ பிஜி, சென்னை:
நன்றி சார். பிளாக்கைக் கேட்டிருக்கிறேன். மருந்து ஆரம்பித்தபின் எம்.ஆர்.ஐ. எப்போது?

தொற்றுநோய் மருத்துவர்:
நான்காம் வாரத்தில் எடுத்தால் நோய் கூடியது போலவே தெரியும்; எலும்பின் மாற்றம் மெதுவாகத்தான் பின்வாங்கும். வலி, சி.ஆர்.பி., இன்னொரு அழற்சி அளவான ஈ.எஸ்.ஆர். இறங்கினால் மூன்று மாதத்தில் எடுங்கள். கால் பலத்தில் மாற்றம் வந்தால் அன்றைக்கே.