நடு உறுப்பைப் பிரித்தாச்சு, அடைப்புகள் ஒத்துவரவில்லை – உதவுங்கள்

பாலக்கோடு அம்மா:
மகள் ஒன்பதாவது. நாளை மறுநாள் கணக்குத் தேர்வு. நேற்று ராத்திரியிலிருந்து ஒரே கணக்கில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு முழிக்கிறோம். (போனில் தமிழ் கீபோர்டுதான். எக்ஸுக்குப் பதில் க என்று போடுகிறேன்.)

6க² − 7க − 20, காரணிப்படுத்துக.

6 × −20 = −120. கூட்டினால் −7 வரவேண்டும், அதற்கு 8, −15.

6க² + 8க − 15க − 20
2க(3க + 4) − 5(3க − 4)

ஒன்றில் கூட்டல், இன்னொன்றில் கழித்தல். எதைப் பொதுவாக எடுப்பது? −15க முதலில் வருகிற மாதிரி எழுதினால் மட்டும் விடை வந்துவிடுகிறது. பெரிய எண்ணை முன்னால் போடவேண்டும் என்று விதி இருக்கிறதா? அப்படியே மனப்பாடம் செய்துகொள்கிறேன் என்கிறாள்.

ஊத்தங்கரை டியூஷன்:
வேண்டாம்மா, அப்படி விதியே கிடையாது. பிரித்தது சரி. −5 × −4 எவ்வளவு? +20. நமக்கு வேண்டியது −20. அப்படியானால் உள்ளே +4தான்.

2க(3க + 4) − 5(3க + 4) = (3க + 4)(2க − 5)

−15க முன்னால் இருந்தபோது 3க, +4 என்று கூட்டலாகவே வெளியே எடுத்தீர்கள், அதனால் தப்பித்தது. என்னிடம் வருகிற பிள்ளைகளும் அடிக்கடி விழுகிற பள்ளம் இது.

கிருஷ்ணகிரி மண்டி கணக்கு:
அக்கா, நான் வாத்தியார் இல்லை, மாங்காய் மண்டியில் பேரேடு எழுதுகிறவன். −15க, −20 இரண்டுமே கடன். பக்கத்தின் தலைப்பில் 'பற்று' என்று ஒரு தடவை எழுதிவிட்டால், கீழே ஒவ்வொரு தொகைக்கும் மறுபடி கழித்தல் குறி போடுவோமா? வெளியே போன −5 அந்தத் தலைப்பு மாதிரி.

பாலக்கோடு அம்மா:
தம்பி, இது சட்டென்று புரிந்துவிட்டது! ஆனால் 8, −15 கண்டுபிடிக்கவே அரை மணி ஆனது. அதற்கு வழி?

ஊத்தங்கரை டியூஷன்:
பெருக்கல் கழித்தலில் வந்தால் இரண்டுக்கும் குறி வேறு வேறு. அதனால் குறியை விட்டுவிட்டு, வித்தியாசம் 7 வருகிற ஜோடியைத் தேடுங்கள். 120க்கு 10, 12இலிருந்து மேலே போங்கள்: வித்தியாசம் 2. அடுத்தது 8, 15: வித்தியாசம் 7. முடிந்தது. கூட்டல் −7 என்பதால் பெரியதற்குக் கழித்தல்.

ஜோடி கிடைக்கவே இல்லையென்றால் நடுக் கெழுவின் (க-வுக்கு முன்னால் உள்ள எண், இங்கே −7) வர்க்கத்திலிருந்து மற்ற இரண்டு எண்களின் (6, −20) பெருக்கலை நான்கு மடங்காக்கிக் கழியுங்கள். இங்கே 49 + 480 = 529, அதாவது 23². முழு வர்க்கம் வராவிட்டால் முழு எண் ஜோடியே இல்லை, தேடுவதை நிறுத்திவிடலாம்.

அப்புறம், க = 1 என்று போட்டுச் சரிபார்க்கச் சொல்லுங்கள். 6 − 7 − 20 = −21. காரணிகளில் 7 × −3, அதுவும் −21.

பாலக்கோடு அம்மா:
அடுத்த கணக்கு 12க² − 11க − 15. வேண்டுமென்றே 9க-வை முன்னால் போட்டுச் செய்தாள்: 3க(4க + 3) − 5(4க + 3). க = 1 போட்டால் இரண்டு பக்கமும் −14. புத்தகத்தை மூடிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள்.